ஊரில் விளையாட்டு நடந்தால் காசு யாருக்கு?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பியை ஒட்டி மூன்று நாள் கபடிப் போட்டி நடத்த இளவட்டங்கள் கிளம்பியிருக்கிறார்கள். நாலு லட்ச ரூபாய் பட்ஜெட். ஊர்ப் பெரியவர்களோ, "அந்தக் காசுக்கு மண்டபத்துக்குத் தகரச் சீட் போட்டா நாலு கல்யாணத்துக்காவது ஆகுமுங்க" என்கிறார்கள். அதே பெரியவர்கள், கோவையில் கிரிக்கெட் ஸ்டேடியம் வந்துவிட்டால் கொங்கு நாடே மாறிவிடும் என்றும் பேசுகிறார்களாம். "எதுங்கண்ணா நிஜம்? விளையாட்டு, பொழுதுபோக்கு எல்லாம் ஊருக்கு வருமானமா, வெட்டிச் செலவா?" இதுதான் கேள்வி.

நான் படித்தது பொருளாதாரம். பிழைப்பது திருப்பூரில், விளையாட்டு உடை தைக்கிற ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு வழக்கு பார்த்து. அதனால் இந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமும் உண்டு, சுயநலமும் உண்டு. இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வெளியூர்க்காரர் ஒருவர் உங்கள் ஊரில் 100 ரூபாய் செலவழிக்கிறார் என்று வையுங்கள். அதில் 40 ரூபாய் உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கூலியாகவோ லாபமாகவோ நிற்கிறது. அவர் அதை உள்ளூரிலேயே செலவு செய்கிறார். அதிலும் நூற்றுக்கு நாற்பது நிற்கிறது. இப்படியே 100, 40, 16, 6.40 என்று தேய்ந்துகொண்டே போனால், கடைசியில் ஊருக்குள் நடந்த வியாபாரம் சுமார் 167 ரூபாய். நாற்பதுக்குப் பதில் இருபதுதான் நிற்கிறது என்றால் 125 ரூபாயோடு கதை முடிந்தது. பெருக்க விளைவு என்று பாடப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற வார்த்தை ஒன்று இருக்கிறது: வெளியூர்க்காரர். உள்ளூர்க் குடும்பம் ஒன்று சினிமாவுக்கு வைத்திருந்த 800 ரூபாயை மேட்ச் பார்க்கச் செலவழித்தால் ஊருக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. தியேட்டர் கேன்டீனில் பப்ஸ் விற்றவருக்குப் போயிருக்க வேண்டியது மைதானத்து வாசலில் பப்ஸ் விற்றவருக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். 'இந்தப் போட்டியால் இத்தனை கோடி வருமானம்' என்று வருகிற அறிக்கைகள் பல இந்த இடத்தில்தான் ஊதிப் பெருத்திருக்கும். படிக்கும்போது இதில் உள்ளூர்க் காசு எவ்வளவு, வெளிக் காசு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

சரி, ஸ்டேடியத்துக்கு வருவோம். ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறைச்சாலை நிலத்தில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் என்பது 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் வந்த அறிவிப்பு. அறிவிப்பு வந்ததும் அந்தப் பக்கம் மூன்று சென்ட் வைத்திருக்கும் என் சொந்தக்காரர் ஒருவர், "இனிமே நாங்களும் சேப்பாக்கம்தானுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இடத்து விலை ஏறுவதும் ஒரு பொருளாதார விளைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது இடம் வைத்திருப்பவருக்கு. அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் லேத் தொழிலாளிக்கு அதே விளைவு செலவாக வந்து சேரும்.

நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐபிஎல்லில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 7 லீக் ஆட்டம். கோவைக்கு அணியே இல்லை. சர்வதேச ஆட்டம் வருடத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. மீதி நாளெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும், கேலரிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், விளக்குக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும். கனடாவில் மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியத்தின் கடனை 2006-ல்தான் அடைத்து முடித்தது. முப்பது வருட வட்டி! நம் ஊரில் சீட்டு எடுத்துக் கல்யாணம் செய்தவர்களே அதைவிடச் சீக்கிரம் தலை நிமிர்ந்துவிடுவார்கள்.

டிக்கெட் காசும் ஊரில் நிற்காது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி. மீதி அணி முதலாளிக்கும் வாரியத்துக்கும். உள்ளூரில் தங்குவது பார்க்கிங், டீ, பிரியாணி, ஆட்டோ, லாட்ஜ் ரூம், அன்றைக்கு ஒரு நாள் செக்யூரிட்டி உடுப்புப் போட்டவருக்குக் கூலி.

இதோடு டிஎன்பிஎல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். 2016-ல் தொடங்கிய தமிழ்நாட்டுக் கிரிக்கெட் லீக். கோவை கிங்ஸ் 2022-ல் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டு, 2023-ல் தனியாகவே வென்றது. 2025-ல் நம் திருப்பூர் தமிழன்ஸ். கோவையில் ஆட்டம் நடப்பது ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில். அதாவது ஏற்கெனவே இருக்கிற மைதானம், வருடம் முழுக்கப் பையன்கள் ஆடுகிற மைதானம். சேலம் வாழப்பாடியிலும் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் திறந்த அந்த மைதானத்தை ஒரு கிரிக்கெட் அறக்கட்டளை கட்டியது. டிஎன்பிஎல் இல்லாத நாளிலும் அங்கே பந்து உருள்கிறது. பெரிய கட்டடமாகக் கட்டி ஆட்டத்துக்குக் காத்திருப்பதைவிட, தினம் ஆடுகிற இடத்தில் பத்து நாள் பெரிய ஆட்டம் நடத்துவது காசுக்கு ஏற்ற பண்டம். ஒண்டிப்புதூர் மைதானம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் பின்னாலேயே நாலு பயிற்சி மைதானமும் சேர்ந்து வருமா என்று கேளுங்கள்.

இப்போது எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். ஓர் ஊர் அணி 15 ஜெர்சி ஆர்டர் கொடுக்கிறது. ஆர்டர் எப்படி வரும் தெரியுமா? வாட்ஸ்அப்பில் ஏதோ ஓர் ஐரோப்பியக் கால்பந்து கிளப்பின் போட்டோ, கீழே, "இதே மாதிரிங்கண்ணா, புலிப் படம் மட்டும் போட்டு, முதுகுல எங்க குலதெய்வம் பேரு." எங்கள் டிசைனர் தம்பி கம்ப்யூட்டரில் கோரல் டிராவைத் திறந்து உட்கார்ந்து புலிக்கும் குலதெய்வத்துக்கும் இடம் பண்ணுவார். பிறகு பேப்பரில் பிரின்ட். பாலியஸ்டர் டாட் நிட் துணியை வெட்டி, பேப்பரை மேலே வைத்து ஹீட் பிரஸ்ஸில் இருநூறு டிகிரி சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடும். அப்புறம் பவர்டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைக்கிற இடத்துக்குப் போகும். எங்களுக்குத் தைத்துக் கொடுப்பது ஒரு கணவன் மனைவி. அவர் ஓவர்லாக் மெஷின், அந்த அக்கா ஃப்ளாட்லாக் மெஷின். பையன் ஸ்கூல் விட்டு வந்து நூல் பிசிறு வெட்டுவான். படிப்பைக் கெடுக்காதீர்கள் என்று நான் சொல்வேன், அவன் அம்மாவும் சொல்லும், அவன் கேட்க மாட்டான்.

ஒரு ஜெர்சி 300 ரூபாய் என்றால் ஏறக்குறைய பாதி திருப்பூரைத் தாண்டிப் போய்விடும். பாலியஸ்டர் துணி சூரத்திலிருந்தோ லூதியானாவிலிருந்தோ வருகிறது. மையும் பேப்பரும் வெளியிலிருந்து. மிச்சப் பாதி வெட்டு, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கட்டட வாடகை, டிசைனர் சம்பளம், எங்கள் லாபம் என்று ஊருக்குள் நிற்கும். ஒரு தொழிலில் இவ்வளவு உள்ளூரில் நிற்பது நல்ல விகிதம். கிரிக்கெட் பேட் வாங்கினால் மீரட்டுக்கு, ஃபுட்பால் வாங்கினால் ஜலந்தருக்கு, கடைக்காரர் கமிஷன் போக மொத்தமும் போய்விடும். இந்தியாவின் விளையாட்டுச் சாமான் பெரும்பகுதி அந்த இரண்டு ஊரில்தான் செய்யப்படுகிறது. நமக்கு வாய்த்தது உடுப்பு.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி பருத்தி. உலகம் ஓடியாடப் போட்டுக்கொள்வதோ பாலியஸ்டர். பருத்தியிலேயே பிறந்து வளர்ந்த ஊர் வேர்வை உறிஞ்சாத துணிக்கு மாறுவது மனதளவிலேயே கஷ்டம், பழைய மாஸ்டர் ஒருவர் எங்கள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் மனுஷன் போடுவானா?" என்றார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதிக் கம்பெனிகளில் பல ஷிப்டைக் குறைத்தன. எங்களைப் போல உள்ளூர் ஆர்டரை நம்பி இருந்தவர்களுக்கு அந்த அடி நேராக விழவில்லை. தைப் பொங்கலுக்கு ஊர் ஊராக விளையாட்டு விழா, சித்திரை வைகாசியில் ஸ்கூல் லீவு கேம்ப், அப்புறம் ஐபிஎல் சீசன். இந்த நாலு மாதம் எங்களுக்கு நைட் ஷிப்ட் இருக்கும். உங்கள் கபடிப் போட்டி போன்றவை ஆயிரம் சேர்ந்ததுதான் எங்கள் மார்க்கெட்.

ஜெர்சி என்றால் கொங்கு நாட்டில் இன்னொரு அர்த்தமும் உண்டு. அது மாடு. அங்கேதான் என் கட்சியின் பலமான சாட்சி இருக்கிறது: ரேக்ளா, அதாவது காளை வண்டிப் பந்தயம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரேக்ளாப் பந்தயத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஆறு மணிக்கே டாடா ஏஸ் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் காளை, மேலே கட்டிப் போட்ட ரேக்ளா வண்டி, கூடவே நாலு பேர். நேர்கோடாக உழுது சமன் செய்த தடம். 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவு. ஒரு வண்டி ஓடி முடிக்கும் நேரம் விநாடிக் கணக்கில்தான். டைமரில் எண் விழுந்ததும் இருபக்கமும் ஒரு 'ஓ'. ஜெயித்தவருக்குத் தங்கக் காசோ டூவீலரோ கிடைக்கும். பார்க்க வந்தவர்களுக்கு இளநீர், கரும்புச்சாறு, சூடாகப் போண்டா. ஒதுக்குப்புறத்தில் கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ். மரத்தடியில் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி யூடியூபில் நேரலை விடும் பையன். அவனுக்கும் இது வருமானம்தான்.

பரிசுக் காசை மட்டும் பார்த்தால் இது சின்ன விஷயம். காளையின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அதற்குப் பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சை, முட்டை. வண்டி செய்ய ஆசாரி. கயிறு திரிப்பவர், லாடம் அடிப்பவர், காளையைத் தினமும் நடக்க விட்டு நீச்சல் விடுகிற ஆள். பந்தயத்தில் நேரம் நன்றாக வந்தால் ஜோடியின் விலை அன்று சாயந்திரமே லட்சத்தில் ஏறும். டிராக்டர் வந்த பிறகு உழவுக்குக் காளை வேண்டாம் என்றாகிவிட்டது. பாலுக்கு ஜெர்சி கலப்பு. அப்படியானால் காங்கேயம் பசு கிடாரிக்குப் பதில் காளைக்கன்று போட்டால் அதற்கு என்ன மதிப்பு? ரேக்ளாவும் ஜல்லிக்கட்டும் தருகிற மதிப்புதான். கன்றுக்கு விலை இருந்தால்தான் பசுவை வளர்ப்பார்கள். பசு இருந்தால்தான் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு நிற்கும். கிளுவை முள் வேலி போட்டு, வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்த மேய்ச்சல் நிலம் அது. மழை குறைந்த அந்தப் பூமியில் அதைவிட நல்ல பயிர் கிடையாது. பந்தயம் நின்றால் சங்கிலி முழுக்க அறுந்துவிடும்.

இது ஊகமல்ல, ஒருமுறை நடந்தே பார்த்தோம். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 தை மாதப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வந்து, 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தடை இருந்த காலத்தில் காளைக்கன்றுகள் அடிமாட்டு விலைக்குப் போனதை மாட்டுக்காரர்கள் இன்றும் வயிறெரிந்து சொல்வார்கள். மாட்டுக்கு வலிக்காதா என்ற கேள்வியும் நியாயமானது. தார்க்குச்சியில் ஆணி வைப்பவனைப் பிடித்து வெளியே அனுப்புகிற கமிட்டியும் உண்டு, கண்டும் காணாமல் இருக்கிற கமிட்டியும் உண்டு. முதல் வகைதான் நிலைக்கும்.

சேவல்கட்டை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே நடப்பது பந்தயப் பணம் ஒருவன் மடியிலிருந்து இன்னொருவன் மடிக்கு மாறுவது. அதில் யாருக்கும் வேலை பிறப்பதில்லை, தோற்றவன் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுகிற ஆட்டமும் அதே ரகம். 2025 ஆகஸ்டில் அதற்குத் தடைச் சட்டம் வந்தது நல்லதுதான்.

வெளிக் காசு என்று சொன்னேன் அல்லவா, அதற்குச் செட்டிப்பாளையம் நல்ல உதாரணம். கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர் கார்ப் பந்தயத் தடம், 2003-ல் திறந்தது. பெயர் எஸ்.கரிவர்தனுடையது. கோவை மில் குடும்பத்தில் பிறந்து, மாருதி என்ஜினைப் போட்டு ரேஸ் கார் கட்டி, கார்ப் பந்தயத்தைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்ற இடத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கியவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். இது தற்செயல் இல்லை. பம்ப்செட்டும் டெக்ஸ்டைல் மெஷினும் செய்கிற ஊரில், கேட்ட அளவுக்கு ஷாஃப்ட் கடைந்து தரவும் அலுமினியம் வார்த்துத் தரவும் தெருவுக்கு ஒரு பட்டறை இருந்தது. ரேஸ் கார் கட்ட அதுதான் வேண்டும்.

இப்போது மாணவர்கள் தாங்களே கட்டிய ஃபார்முலா கார்களோடு 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு நாடு முழுவதிலுமிருந்து அந்தத் தடத்துக்கு வருகிறார்கள். வடக்கிலிருந்து லாரியில் கார் வரும், ரயிலில் பையன்கள் வருவார்கள், நாள்கணக்கில் தங்குவார்கள். இடையில் ஏதாவது உடையும். உடைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெல்டிங் வைக்கப் பட்டறை தேடுவார்கள். ரூம் வாடகை, சாப்பாடு, வெல்டிங் கூலி எல்லாம் சுத்தமான வெளிக் காசு. அதில் ஒருவன் படித்து முடித்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டால், அந்தக் கணக்கை எந்தப் பெருக்க விளைவும் காட்டாது.

இதற்கு நேர் எதிர் இப்போது ஊருக்கு ஊர் முளைக்கிற டர்ஃப், அதாவது செயற்கைப் புல் ஆடுகளம். சாயந்திரமானால் வலை கட்டி விளக்குப் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஆட்டம் ஆடுவதற்கு நல்லது, நானே வாரம் ஒருநாள் போகிறேன். ஆனால் போட்ட முதலைப் பாருங்கள்: செயற்கைப் புல் பெரும்பாலும் சீனா, விளக்கும் வெளியூர், ஆப்பில் புக் பண்ணினால் கமிஷன் ஏதோ ஒரு பெருநகரத்துக்கு. ஊரில் நிற்பது இடத்து வாடகையும் வாட்ச்மேன் சம்பளமும் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையும். ஆடுவதும் நம் பசங்கதான், வெளிக் காசு கிடையாது. அதைவிடப் பயம், நம் ஊர்ப் பழக்கம். ஒருவர் கோழிப் பண்ணை போட்டால் வரிசையாகப் பத்துப் பேர் போடுவோம், ஒருவர் போர்வெல் ரிக் வாங்கினால் பத்துப் பேர் வாங்குவோம். 2012-ல் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டுப் பட்டது இன்னும் பல வீட்டில் ஆறவில்லை. ஈமு மோசடி, டர்ஃப் மோசடியில்லை, அது வேறு. ஆனால் ஒரே ரோட்டில் ஐந்து டர்ஃப் வந்தால் மணி வாடகை பாதியாகும், புல் மட்டும் அதே வேகத்தில் தேயும்.

பையனைக் கிரிக்கெட் வீரனாக்கினால் வருமானம் என்று நினைக்கிற பெற்றோரும் இந்தக் கணக்கில் உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லோரும் காட்டுவார்கள். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். 2025-க்கான ஏலத்தில் 10.75 கோடி. அந்தக் காசில் ஒரு பகுதியைத் தன் ஊரிலேயே மைதானமாக்கினார், 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். வெளியே சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவருவது என்றால் அதுதான். ஆனால் ஒரு நடராஜனுக்குப் பின்னால் கோச்சிங் ஃபீஸ் கட்டி, நல்ல பேட் வாங்கி, பத்தாவதோடு நின்ற பையன்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கோப்பை கிடைக்காதவனுக்கும் ஏதாவது கிடைக்கிற விளையாட்டைப் பாருங்கள் என்பேன். கபடி, வாலிபால், தடகளம் ஆடி அதற்குத் தேவையான சான்றிதழ் வாங்கினால் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் நிற்கலாம். அது ஐபிஎல் இல்லை, ஆனால் மாதம் முதல் தேதி சம்பளம்.

வேடிக்கை பார்க்கவும் குளிக்கவும் போகிற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியில் 2015 முதல் நடக்கும் பலூன் திருவிழாவுக்கும், கொடிவேரி அணைக்கும், மேட்டுப்பாளையம் தீம் பார்க்குக்கும் வெளி மாவட்டத்து, கேரள வண்டிகள் வருகின்றன. இதில் என் ஓட்டு கொடிவேரிக்கு. நுழைவுக் கட்டணம் சொற்பம், ஆனால் உள்ளே போனவர் வெறும் கையோடு வரமாட்டார். மீன் வறுவல், பரிசல், மாங்காய்க் கீற்று என்று ஐம்பது சின்னக் கையில் காசு பிரியும். ஒரே கேட்டில் டிக்கெட் வாங்கும் இடத்தில் அது ஒரே கையில் சேரும்.

காசில் காட்ட முடியாததும் ஒன்று உண்டு. கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு காலத்தில் குதிரை ஓடியது. இப்போது காலை ஐந்தரைக்குச் சர்க்கரை நோயாளிகள் ஓடுகிறார்கள், நானும் சேர்த்துத்தான். சுற்றி வந்தவுடன் அருகம்புல் ஜூஸ், கம்மங்கூழ். எதிர்ப்பக்கம் வடையும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த நடைபாதைக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, அதனால் எந்த அறிக்கையிலும் வருமானமாக வராது. நடந்தவர்களுக்கு வராமல் போன ஆஸ்பத்திரிச் செலவும் எங்கும் வராது.

இனி உங்கள் நாலு லட்சம், தம்பி. நீங்கள் அனுப்பிய பட்ஜெட்டில் பரிசு ஒன்றரை லட்சம். மேட் (கபடி ஆடும் விரிப்பு), லைட், கேலரி ஒரு லட்சம். சாப்பாடு தொண்ணூறாயிரம். நடுவர், மைக் செட், பிளக்ஸ், இதர செலவு அறுபதாயிரம். பரிசுக் காசு வருகிற அணியோடு போய்விடும். பெரிய பரிசு என்றால் பெரிய அணி வரும், ஊரிலிருந்து மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகும். மேட்டும் கேலரியும் வெளியூர் வாடகை. ஆக, முதல் பார்வையில் பாதிக்கு மேல் வெளியேறுகிறது. பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லும் தகரச் சீட்டும் கோவையில் வாங்குவதுதான். வெல்டர் கூலி மட்டும்தான் ஊரில் நிற்கும். அதன் பலம் வேறு: பதினைந்து வருடம் வாடகை தரும். போட்டி மூன்று நாளில் முடிந்துவிடும்.

அதனால் போட்டியை இப்படி மாற்றிப் பாருங்கள். முதல் பரிசைக் குறைத்து, அதை எட்டு அணிகளுக்குப் பிரியுங்கள். நாக் அவுட்டுக்குப் பதில் லீக் வையுங்கள். 32 அணி நாக் அவுட் என்றால் முதல் நாளே 16 அணி மூட்டை கட்டிவிடும், கூட வந்த ஆட்களும் போய்விடுவார்கள். 12 அணி லீக் என்றால் மூன்று நாளும் கூட்டம் இருக்கும். மூன்றாம் நாள் ஆட்டத்துக்குச் சாயந்திரம் பக்கத்து ஊர்ச் சனம் வர வேண்டும். அதற்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவே உங்கள் ஊர்ப் பெண்களின் வள்ளி கும்மியை வையுங்கள். கும்மி ஆட ஐம்பது பேர் வந்தால் பார்க்க இருநூறு சொந்தபந்தம் வரும், இது அனுபவம். ஸ்டால் போட உள்ளூர் ஆளுக்கு மட்டும் இடம் கொடுங்கள். சமையலும் மளிகையும் உள்ளூரில் எடுங்கள். கேலரியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாய்ந்தால் ஊரே போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும்.

முக்கியமாக, மேட்டை வாடகைக்கு எடுக்காமல் சுற்றியுள்ள நாலைந்து ஊர் சேர்ந்து சொந்தமாக வாங்க முடியுமா என்று பாருங்கள். வருடம் முழுக்க உங்கள் பெண் பிள்ளைகளும் பையன்களும் அதில் ஆடலாம், நோம்பிக் காலத்தில் மற்ற ஊருக்கு வாடகைக்கு விடலாம். அப்போது மண்டபத்துச் சீட் மாதிரி அதுவும் ஒரு சொத்து. பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கணக்கு என்றால் காது கொடுப்பார்கள்.

அப்புறம், ஜெர்சி. போன வருடம் ஒரு கமிட்டி எங்களிடம் எண்பது பீஸ் எடுத்துவிட்டு, கோப்பையோடு போட்டோ எல்லாம் போட்டார்கள், பாக்கியை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. அதனால் பாதி முன்பணம். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் பேர், நம்பர், சைஸ் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து 'எல்லாருக்கும் எக்ஸ்எல்' என்று மட்டும் அனுப்பாதீர்கள்; உங்கள் ரைடர் போட்டோவைப் பார்த்தேன், அவருக்கு மீடியமே லூஸாக இருக்கும்.